பெயருக்கு உரியவரும் பெயரை எடுத்தவரும்: அயோவா ஆள்மாறாட்ட வழக்கு

2019ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு வங்கிக் கிளைக்குள் ஒருவர் போனார். அப்போது அவருக்குத் தங்க வீடு கிடையாது. தன் பெயரில் யாரோ பெரிய அளவில் கடன் வாங்கியிருப்பது சமீபத்தில்தான் தெரியவந்தது என்று கவுன்ட்டரில் சொன்னார். நான் வாங்காத கடனை நான் கட்டமாட்டேன். என் பெயரில் இங்கே என்னென்ன கணக்கு இருக்கிறதோ எண்ணைக் கொடுங்கள், மூடிவிடுகிறேன் என்றார். கையில், அமெரிக்க அரசு ஆளுக்கொரு எண்ணாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் கலிஃபோர்னியா மாநில அடையாள அட்டையும் இருந்தன. இரண்டும் அசல். வங்கியின் பதிவில் இருந்த விவரங்களோடு அச்சாகப் பொருந்தின.

அந்தக் கணக்குகளில் பெரிய தொகை கிடந்தது. அதனால் ஊழியர் பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டார். வந்தவருக்கு விடை தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தக் கணக்கைத் திறந்தவர் அவர் இல்லையே.

ஊழியர் கணக்கில் பதிவாகியிருந்த தொலைபேசி எண்ணை அழைத்தார். மறுமுனையில் எடுத்தவர் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொன்னார். கலிஃபோர்னியாவில் யாருக்கும் தன் கணக்கைத் தொட உரிமை கிடையாது என்றார். வங்கி போலீஸைக் கூப்பிட்டது. போலீஸ் வந்து, அசல் அட்டைகளோடு நின்றவரைக் கைது செய்தது.

அமெரிக்காவில் ஒருவருடைய பண அடையாளத்தைத் திருடினால் என்ன தண்டனை என்று கேட்பவர்களுக்குச் சட்டப் பிரிவுகளை வரிசையாக எடுத்து வைக்கலாம். ஆனால் அந்தப் பிரிவுகள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பது இந்த ஒரு வழக்கில் தெரிவதுபோல் வேறு எங்கும் எனக்குத் தெரிந்ததில்லை. அதனால் இதையே முழுக்கப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இருவர் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைப் பெயருக்கு உரியவர் என்றும் மற்றவரைப் பெயரை எடுத்தவர் என்றும் சொல்கிறேன். நீதிமன்ற ஆவணங்களில் பெயர்கள் இருக்கின்றன. இருந்தாலும் ஒரு மனிதர் இத்தனை பாடுபட்டு மீட்ட பெயரை, அவரைக் கேட்காமல் நானும் எடுத்துப் புழங்க மனம் வரவில்லை.

தள்ளுவண்டியில் தொடங்கியது

1988இல் இருவரும் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் ஒரு ஹாட் டாக் தள்ளுவண்டியில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். இருவருக்குமான தொடர்பு அவ்வளவுதான். உறவு இல்லை, பெரிய நட்பு இல்லை, பகையும் இல்லை. பெயரை எடுத்தவர் 16 வயதில் வீட்டை விட்டு ஓடியவர். கார் திருடிப் பிடிபட்டு, நீதிமன்றத்துக்குப் போகாமல் நழுவியவர். தன் பெயரைக் கழற்றிப் போடுவதற்கு அவருக்குக் காரணம் இருந்திருக்கும். கூட வேலை செய்தவரின் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

1990 வாக்கில் அந்தப் பெயரிலும் பிறந்த தேதியிலும் கொலராடோ மாநிலத்தில் ஓர் அடையாள அட்டை வாங்கினார். அதைக் காட்டி ஒரு வேலை, ஒரு வங்கிக் கணக்கு. 1991இல் 600 டாலருக்கு ஒரு கார் வாங்கி, 300 டாலர் வீதம் இரண்டு செக் கொடுத்தார். இரண்டும் பணமில்லாமல் திரும்பின. அவர் அந்தக் காரிலேயே ஐடஹோவுக்குப் போய்விட்டார். கொலராடோவில் பிடிவாரண்ட் பிறந்தது. யார் பெயரில்? உரியவர் பெயரில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இந்த வழக்கில் அது அப்போதே தொடங்கிவிட்டது.

1994இல் அதே பெயரில் திருமணம். ஒரு குழந்தை பிறந்து, அதற்கும் அந்தக் குடும்பப் பெயரே வந்தது. தெரியாமல் பொய்க்குள் பிறந்துவிட்ட அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை, கடந்து போகிறேன்.

2012இல் நடந்ததுதான் முக்கியமான திருப்பம் என்பேன். வம்சாவளி தேடும் இணையதளம் ஒன்றில் உரியவரின் குடும்பத்தைத் துருவி, அங்கே கிடைத்த விவரங்களை வைத்துக் கென்டக்கி மாநிலத்தில் அவருடைய பிறப்புச் சான்றிதழின் நகலை வாங்கினார். அதுவரை அவரிடம் இருந்தவை பொய்யின்மேல் பொய்யாக அடுக்கிய அட்டைகள். இனிமேல் அடித்தளத்திலேயே ஒரு மெய்யான ஆவணம். அரசு கொடுத்தது, முத்திரை உள்ளது, தேதியும் ஊரும் சரியானவை. அதில் இருப்பவர் மட்டும் அவர் இல்லை.

அந்த ஆவணங்களோடு 2013இல் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் கணினி அமைப்பு நிர்வாகியாகச் சேர்ந்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை. 10 ஆண்டில் வாங்கிய சம்பளம் 7 லட்சம் டாலருக்கு மேல். 2016 ஆகஸ்ட் முதல் 2022 மே வரை இரண்டு கூட்டுறவுக் கடன் சங்கங்களில் வாகனக் கடனும் தனிநபர் கடனுமாக எட்டுக் கடன் வாங்கினார். ஒவ்வொன்றும் 15,000 டாலருக்கும் 44,500 டாலருக்கும் இடையில். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் உரியவரின் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண். இந்த எட்டு விண்ணப்பங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவரைச் சிறைக்கு அனுப்பியவை இவைதான்.

575 நாள்

லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்புவோம். போலீஸ் கேட்டதும் எடுத்தவர் ஆவணங்களை ஃபேக்ஸில் அனுப்பிவைத்தார்: பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, விஸ்கான்சின் ஓட்டுநர் உரிமம். ஒரு பக்கம் வீடு, வேலை, வங்கியில் பணம், வரிசையாக ஆவணம். இன்னொரு பக்கம் தெருவில் படுப்பவர். போலீஸ் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

உரியவர்மேல் அடையாளத் திருட்டு, ஆள்மாறாட்டம் என்று வழக்குப் போட்டார்கள். எந்தப் பெயரில் போட்டார்கள் என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. எடுத்தவரின் இயற்பெயரில், அதிலும் எழுத்துப் பிழையோடு. இவர் பெயர் அவரிடம் போயிருந்தது. அவர் வேண்டாமென்று எறிந்த பெயரை இவர் தலையில் கட்டினார்கள்.

உரியவர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. விசாரணை நெடுக, நான் நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிடிவாதமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தன்னை வேறொருவராக எண்ணிக்கொண்டிருக்கிறார், வழக்கை எதிர்கொள்ளும் மனநிலை இவருக்கு இல்லை என்று 2020 பிப்ரவரியில் நீதிபதி முடிவு செய்தார். மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மனநோய்க்கான மருந்துகள் கொடுத்தார்கள். தன் பெயரைத் தன் பெயர் என்று சொன்னதற்கு மாத்திரை.

இதற்கிடையில் எடுத்தவர் சும்மா இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸுக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் தொலைபேசியில் கூப்பிட்டு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பாதிக்கப்பட்டவராக.

2021 மார்ச்சில் உரியவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை என்ற நிலையை எடுத்தார். அமெரிக்க நீதிமன்றங்களில் அப்படி ஒரு வழி உண்டு. முடிவில் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான், ஆனால் நான் செய்தேன் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளே கழித்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொண்டு விடுவித்தார்கள். சிறையில் 428 நாள், மனநல மருத்துவமனையில் 147 நாள். ஆக 575 நாள். கூடவே 400 டாலர் அபராதம். அதோடு ஓர் ஆணை: இனிமேல் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது.

அவர் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் அது.

அனுபவ பாத்தியம்

நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் வாயில் புழங்கும் சொல் ஒன்று உண்டு: அனுபவ பாத்தியம். சொந்தக்காரரல்லாத ஒருவர் ஒரு நிலத்தைத் தன்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லி, தடையில்லாமல் 12 ஆண்டு அனுபவித்துவிட்டால், உரியவர் பிறகு வழக்குப் போட்டு மீட்பது நடக்காத காரியமாகிவிடும். நிலத்துக்கு அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதற்கு நியாயம் இருக்கிறது. இன்னொரு மனிதரின் பெயரைப் பறித்துக்கொள்ள அப்படி ஒரு சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நடைமுறையில் வங்கிகளும் கடன் நிறுவனங்களும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

பாதுகாப்புக் கேள்வி என்றால் என்ன? உங்கள் கணக்கைத் திறந்தபோது எந்தத் தொலைபேசி எண் கொடுத்தீர்கள், கடைசியாக எந்த முகவரியில் இருந்தீர்கள், எந்த ஆண்டில் கார் கடன் எடுத்தீர்கள் என்ற வகையில்தான் கேள்விகள் போகும். நீங்கள் யார் என்பதை அவை கேட்பதில்லை. அந்தப் பெயரை யார் புழங்கிக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் கேட்கின்றன. நேற்று எண்ணைத் திருடிய கள்ளனைப் பிடிக்க அது உதவும். 30 ஆண்டு அந்தப் பெயரிலேயே குடித்தனம் நடத்தியவர் வந்தால்? அவருக்கு எல்லா விடையும் தெரிந்திருக்கும். உரியவர்தான் தேர்வில் தோற்பார். திருட்டு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குத் திருடியவரின் விடைகள் சரியாகிக்கொண்டே போகும். தவறு அந்த வங்கி ஊழியரிடம் இல்லை. அவர் சட்டதிட்டப்படிதான் நடந்தார். போலீஸும் நீதிமன்றமும் அந்தத் தேர்வின் மதிப்பெண்ணையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

ஆவணத்துக்கு எதிராக ஆவணம் வைத்தால் இந்த வழக்கில் விடை கிடைக்காது. ஆவணத்துக்கு வெளியே போயாக வேண்டியிருந்தது.

அப்பாவின் பெயர் என்ன

விடுதலையான பிறகும் உரியவர் அந்த ஆணைக்குக் கட்டுப்படவில்லை. தன் கடன் வரலாற்றைத் திருத்தச் சொல்லி நிதி நிறுவனங்களுக்குப் புகார் அனுப்பினார். பல இடத்துப் போலீஸுக்குச் சொன்னார்; எடுத்தவர் வசித்த விஸ்கான்சின் ஊரின் போலீஸ் உட்பட. நீதிமன்றம் மனநிலை சரியில்லை என்று எழுதிவைத்த ஒருவர், வீடில்லாதவர், இந்தக் குற்றத்துக்கே தண்டனை பெற்றவர். அவர் புகாரை எடுத்துப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

2023 ஜனவரியில் எடுத்தவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கண்டுபிடித்து, அயோவா மருத்துவமனையின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவித்தார். அவர்கள் அதைப் பல்கலைக்கழகப் போலீஸுக்கு அனுப்பினார்கள். வழக்கு ஒரு துப்பறிவாளரின் மேசைக்குப் போனது. அவர் வங்கியைக் கேட்கவில்லை, கடன் அறிக்கையைக் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று எழுதியிருந்த மனிதரைக் கென்டக்கியில் தேடிப் பிடித்தார். அவருடைய டிஎன்ஏவையும் கலிஃபோர்னியாவில் இருந்த உரியவரின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டார். பொருந்தியது.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. 2019இலும் இதே பரிசோதனை இருந்தது. சான்றிதழில் அதே தந்தையின் பெயர் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் கைக்கு அந்தச் சான்றிதழே ஃபேக்ஸில் வந்திருந்தது. யாரும் அதில் இருந்த தந்தையைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

2023 ஜூலை 17 அன்று துப்பறிவாளர் எடுத்தவரை உட்காரவைத்து விசாரித்தார். முதலில் அவர் அசரவில்லை. அந்த ஆள் பைத்தியம், பிடித்து அடைத்து வைக்க வேண்டும் என்றார். பேச்சுவாக்கில் துப்பறிவாளர் அவருடைய தந்தையின் பெயரைக் கேட்டார். எடுத்தவர் வாய் தவறித் தன்னை வளர்த்த தந்தையின் பெயரைச் சொல்லிவிட்டார். சான்றிதழில் இருந்த பெயரை அல்ல. பிறகு டிஎன்ஏ முடிவை முன்னால் வைத்ததும், தன் வாழ்க்கை முடிந்தது, எல்லாம் போய்விட்டது என்று சொல்லி ஒப்புக்கொண்டார். எத்தனையோ பாதுகாப்புக் கேள்விகளுக்குத் தயாராக இருந்தவரை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்கும் முதல் கேள்வி சாய்த்தது.

எந்தக் குற்றத்துக்குத் தண்டனை

2024 ஏப்ரலில் அயோவாவின் சீடர் ராபிட்ஸ் நகரில் உள்ள கூட்டரசு நீதிமன்றத்தில், அதாவது மாநிலத்தின் நீதிமன்றத்தில் அல்ல, நாட்டின் மத்திய அரசு நீதிமன்றத்தில், அவர் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். ஒன்று, அரசுக் காப்பீடு பெற்ற கடன் சங்கத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்தது. இன்னொன்று, கடுமைப்படுத்தப்பட்ட அடையாளத் திருட்டு. இந்த இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் குற்றம் அமெரிக்கக் குற்றச் சட்டத் தொகுப்பின் 1014ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டு சிறை, 10 லட்சம் டாலர் அபராதம். கடன் விண்ணப்பத்தில் பொய் எழுதியதற்கு 30 ஆண்டா என்று தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் சேமிப்பு வங்கிகள் கொத்துக்கொத்தாகச் சரிந்தன. மக்கள் வரிப்பணத்தைப் போட்டு அடைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில் 1989இலும் 1990இலும் நாடாளுமன்றம் வங்கி தொடர்பான குற்றங்களின் தண்டனையை ஏற்றிக்கொண்டே போனது. வெறும் 2 ஆண்டாக இருந்தது முதலில் 20, பிறகு 30 ஆனது. அதாவது இந்த 30 ஆண்டு வங்கியைக் காப்பாற்றப் பிறந்த எண். பெயர் பறிபோன மனிதரை நினைத்து யாரும் அதை எழுதவில்லை.

இரண்டாவது 1028ஏ பிரிவு. வேறொரு பெருங்குற்றத்தைச் செய்யும்போது இன்னொருவரின் அடையாள விவரத்தை உரிமையில்லாமல், தெரிந்தே பயன்படுத்தினால் 2 ஆண்டு சிறை. 2004இல் வந்த சட்டம். இந்த 2 ஆண்டில் நீதிபதிக்குக் கை கிடையாது: குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடவும் முடியாது. மற்றக் குற்றத்துக்கான தண்டனை முடிந்த பிறகே இது தொடங்க வேண்டும். இந்த 2 ஆண்டு இருக்கிறதே என்று அந்தத் தண்டனையைக் குறைத்துக்கொடுக்கவும் சட்டம் விடாது. பயங்கரவாதக் குற்றத்தோடு சேர்ந்தால் மட்டும் 2 என்பது 5 ஆகும்.

இதற்கு முன்பே 1998இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாகக் கூட்டரசு அளவில் முதன்முதலில் அறிவித்தது அதுதான். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் அரிசோனா மாநிலம் வழிகாட்டியிருந்தது. 1998 வரைக்கும் நிலைமை எப்படி என்றால், உங்கள் பெயரில் ஒருவன் கடன் வாங்கி ஏமாற்றினால் சட்டத்தின் கண்ணில் ஏமாந்தது கடன் கொடுத்தவர். நீங்கள் ஒரு சாட்சி, அல்லது அதுகூட இல்லை. பெயருக்கு உரியவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்று சொல்லவே ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தில் தண்டனை, திருடிய அடையாளத்தால் ஓராண்டுக்குள் 1,000 டாலரோ அதற்கு மேலோ பெற்றிருந்தால் 15 ஆண்டு வரை போகலாம். இங்கேயும் அளவுகோல் டாலர்தான் என்பதைக் கவனியுங்கள்.

1028ஏ பிரிவு எட்டும் எல்லையை உச்ச நீதிமன்றம் இரண்டு முறை குறுக்கியிருக்கிறது. 2009இல், போலி அட்டையோடு இல்லினாய் மாநில எஃகு ஆலையில் வேலை பார்த்த ஒரு மெக்ஸிகோ தொழிலாளியின் வழக்கில், அந்த எண் உண்மையிலேயே வேறொரு மனிதருக்குச் சொந்தம் என்பது குற்றவாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் கிறுக்கி, அது யாருக்கோ உரியதாக அமைந்துவிட்டால் போதாது. பல வழக்குகளில் அரசுத் தரப்பு தடுமாறும் இடம் இது. நம் வழக்கில் அந்தச் சிக்கலே எழவில்லை. அவர் அந்த மனிதரோடு ஒரே தள்ளுவண்டியின் பின்னால் நின்றவர்.

2023 ஜூனில் வந்தது இன்னொரு தீர்ப்பு. டெக்சஸில் ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்துக்குக் கூடுதல் தொகைக்குப் பில் அனுப்பிய ஒருவர்மேல், அந்தப் பில்லில் நோயாளியின் பெயர் இருந்ததாலேயே அடையாளத் திருட்டையும் சேர்த்துவிட்டார்கள். நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. இன்னொருவரின் அடையாளத்தைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றத்தின் மையமாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு பெயர் இருப்பது போதாது என்றது. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. கட்டாயத் தண்டனையைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டவைத்தால், மிரட்டி ஒப்புக்கொள்ள வைக்கும் கருவியாக அது மாறிவிடும். அயோவா வழக்கோ அந்த அளவுகோலில் மிகச் சுலபமாகத் தேறும். அந்தக் கடன் விண்ணப்பங்களில் யார் என்ற ஒன்றைத் தவிர வேறு என்ன பொய்?

ஏன் 1990இன் கொலராடோ அட்டையில் தொடங்கவில்லை? கூட்டரசுக் குற்றங்களுக்குப் பொதுவான காலவரம்பு 5 ஆண்டு. அதைத் தாண்டியவை போயே போச்சு. ஆனால் வங்கி, கடன் சங்கம் சார்ந்த குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மட்டும் 10 ஆண்டு உண்டு. 1014ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2016 முதல் 2022 வரையான விண்ணப்பங்கள் அதற்குள் வந்தன. அதனால்தான் ஒரு மனிதரின் முழு ஆயுளையும் தின்ற குற்றம், நீதிமன்றத்துக்குள் நுழையும்போது கடன் விண்ணப்பத்துப் பொய்யாக உருவம் மாறி நுழைய வேண்டியிருந்தது. அரசு வழக்கறிஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். திறந்திருந்த கதவு அது ஒன்றுதான் என்றால் அதன் வழியாகத்தான் போக முடியும். இரண்டு குற்றத்துக்கும் சேர்த்து அவர் எதிர்கொண்ட அதிகபட்சம் 32 ஆண்டு சிறை, 12.5 லட்சம் டாலர் அபராதம்.

12 ஆண்டு

2025 ஜனவரி 31 அன்று 12 ஆண்டு சிறை விதித்தார்கள். இதில் 2 ஆண்டு மேலே சொன்ன கட்டாயத் தண்டனை. மீதி 10 ஆண்டு கடன் சங்கத்திடம் சொன்ன பொய்க்கு. கூட்டரசுச் சிறையில் பரோல் என்பது 1987 நவம்பருக்குப் பிந்தைய குற்றங்களுக்குக் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழியலாம். 50 வயதைக் கடந்து வெகு தூரம் வந்துவிட்ட ஒருவருக்கு அது நீண்ட காலம்.

மோசடிக் குற்றங்களுக்கு அமெரிக்கத் தண்டனை வழிகாட்டி நெறிகள் முதலில் பார்ப்பது இழப்புத் தொகையைத்தான். எத்தனை டாலர் போயிற்று என்பதற்கேற்பப் படி ஏறும். எட்டுக் கடனின் தொகையை மட்டும் தராசில் வைத்தால் அந்தப் பத்து ஆண்டு வராது என்பது என் கணிப்பு. தட்டில் 575 நாளையும் வைத்துத்தான் நிறுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குச் சட்டத்தில் தனிப் படிக்கல் இல்லை. நிரபராதியைச் சிறைக்கு அனுப்பத் திருட்டு அடையாளத்தைக் கருவியாக்கினால் இத்தனை ஆண்டு என்று 1028ஏ பிரிவு சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணில் ஒரு தொலைபேசி இணைப்பு எடுத்து ஏமாற்றியவருக்கும், உரியவரை மனநல மருத்துவமனையில் மருந்து விழுங்க வைத்தவருக்கும் அந்தப் பிரிவில் அதே 2 ஆண்டு. பயங்கரவாதத்துக்கு 5 என்று ஒரு மேற்படி வைத்தவர்கள், இதற்கும் ஒன்று வைத்திருக்கலாம். திருடியவர் அதிகாரிகளிடம் பொய் சொல்லி, உரியவரைக் கைது செய்யவோ தண்டிக்கவோ காரணமானால் தண்டனை கூடும் என்று ஒரே ஒரு வரி. கடன் சங்கத்தின் நட்டத்தை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு நாள்களை எண்ணுவது கடினமான வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அயோவாவில் கூட்டரசு நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்ததாலேயே கலிஃபோர்னியாவில் மாநில நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு அழிந்துவிடாது. இரண்டும் வேறு வேறு ஆட்சி எல்லை. பழைய தீர்ப்பை அதை எழுதிய இடத்திலேயே போய்த்தான் நீக்க வேண்டும். கலிஃபோர்னியாச் சட்டத்தில், தன் பெயரில் வேறொருவர் குற்றம் செய்து மாட்டிக்கொண்டால், அடையாளம் திருடப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தான் உண்மையிலேயே நிரபராதி என்று ஆணை பெற வழி வைத்திருக்கிறார்கள். அதற்கென்று மாநில அளவில் ஒரு பதிவேடும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது வேறொரு காட்சி: திருடன் உங்கள் பெயரில் பிடிபடுகிறான், பழி உங்கள் பெயரில் நிற்கிறது. இங்கே உரியவரே பிடிபட்டு, திருடனின் பெயரைச் சுமந்து, தன் பெயரைத் திருடியவர் என்று தண்டனை வாங்கினார். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இதையும் யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இழப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். 2008இல் வந்த கூட்டரசுச் சட்டத் திருத்தம், அடையாளத் திருட்டு வழக்கில் பாதிக்கப்பட்டவர் தன் பெயரைச் சரிசெய்யச் செலவழித்த நேரத்துக்கும் விலை போட்டுக் குற்றவாளியைக் கட்டச் சொல்லலாம் என்கிறது. தொலைபேசியில் காத்திருந்த நேரம், படிவம் நிரப்பிய நேரம், அலுவலகம் அலுவலகமாக அலைந்த நேரம். நியாயமாக ஆன செலவு என்று காட்ட வேண்டும், அவ்வளவே. வெளியே வந்தபின் உரியவர் எழுதிய ஒவ்வொரு புகாருக்கும் ஆன மணிநேரம் இந்த வரையறைக்குள் அடங்கும். நான் நான்தான் என்று நீதிபதியிடம் சொல்லிக்கொண்டு உள்ளே இருந்த நாள்களைப் பற்றி அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை.